ஒதுங்கி நின்றவர்கள் எடுத்த முடிவு: ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஒன்றியத்தின் 24 ஒப்பந்த மொழிகளில் ஒன்றில் ஒரு குடிமகன் எழுதினால் அதே மொழியில் பதில் தர வேண்டும் என்று ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமே சொல்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இந்த மடலுக்குப் பதில் எழுதும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் பாரிஸிலும் பெர்லினிலும் கோபன்ஹேகனிலும் தமிழ் பேசும் வாக்காளர்கள் இருக்கிறார்கள். உங்கள் விதிகளைப் பார்த்துத் துணி தைக்கும், மீன் ஏற்றுமதி செய்யும் தமிழர்கள் வேறு கண்டத்திலும் இருக்கிறார்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறோம்.

நாடுகள் கூடிக் கண்ட அளவில் ஓர் அரசியல் ஒன்றியம் ஆகும்போது, தேர்தலில் வென்றவர் கையிலிருந்த அதிகாரம் மெல்ல நழுவித் துறை வல்லுநர்களிடம் போய்விடுகிறதா என்பது பழைய கேள்வி. போய்விடுகிறது என்பவர்கள் உங்களைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அவர்கள் பாதி சரி. வல்லுநர்கள் கை ஓங்கும் இடங்கள் உங்கள் நடைமுறையில் உண்டு. ஆனால் நாடுகள் ஒன்று சேர்ந்ததால் அவை முளைக்கவில்லை. முடிவைத் தன் பெயரில் எடுக்க அரசியல்வாதி அஞ்சிய இடங்களில்தான் முளைத்தன. எந்தெந்த இடம், எந்தெந்த விதி என்று காட்டுவதற்கே இந்த மடல்.

முதலில் சொல்லைப் பற்றி. வல்லுநர் ஆட்சியைக் குறிக்கும் ‘டெக்னோகிரசி’ என்ற சொல்லை 1919இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹென்றி ஸ்மைத் என்ற கலிபோர்னியப் பொறியாளர். 1930களின் பெருமந்தத்தில் ஹோவர்ட் ஸ்காட்டும் எம். கிங் ஹப்பர்ட்டும் அதை ஓர் இயக்கமாக்கினார்கள். அவர்கள் வரைந்த ‘டெக்னேட்’ என்ற நிலப்பரப்பு பனாமாவில் தொடங்கி வட துருவம் வரை நீண்டது. கண்டம் முழுவதும் வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்குக் கணக்கு இருந்தது: தாது, நீர்மின்சாரம், விளைநிலம், எரிபொருள் எல்லாம் ஓர் எல்லைக்குள் இருந்தால்தான் உற்பத்தியையும் நுகர்வையும் வெளியார் தயவில்லாமல் சமன் செய்ய முடியும். அங்கே பணம் கிடையாது. ஒரு பொருளைச் செய்யச் செலவான ஆற்றலே அதன் விலை. அதற்கான சான்றிதழைக் கைமாற்றவும் முடியாது, சேர்த்துவைக்கவும் முடியாது. கட்சி, தேர்தல் எதுவும் இல்லை. கண்டத்தையும் வல்லுநர் ஆட்சியையும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் இவர்கள்தான். இன்றைய சந்தேகத்துக்கும் வேர் அங்கேதான்.

உங்கள் ஒன்றியத்தில் அந்தச் சாயல் அதிகம் தெரிந்தது பிறந்தபோதுதான். 1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட நிலக்கரி, எஃகு ஒப்பந்தம், ஒன்பது பேர் கொண்ட ஓர் உயர் அதிகார அமைப்பை உண்டாக்கியது. அதன் முதல் தலைவர் ஜான் மொனே எந்தத் தேர்தலிலும் நின்று வென்றவர் இல்லை. பிரான்ஸின் திட்டக் குழுவை நடத்தியவர். சுரங்கமும் உலையும் வல்லுநர் கையில்! ஆனால் அதே ஒப்பந்தத்தில் 78 பேர் கொண்ட ஒரு பேரவையும், அந்த உயர் அமைப்பை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் வீட்டுக்கு அனுப்பும் உரிமையும் இருந்தன. ஜெர்மனி, பிரான்ஸ் இரண்டுக்கும் நடுவில் நசுங்கிவிடுவோமோ என்று அஞ்சிய சிறிய நாடுகள் வற்புறுத்தி, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அமைச்சர் அவையையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு போன திசையைப் பாருங்கள். 1979இல் நேரடித் தேர்தல். பிறகு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் உங்கள் அதிகாரம் கூடியது. 2009 டிசம்பர் 1 அன்று லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான சட்டங்களுக்கு அமைச்சர் அவைக்குச் சமமாக நீங்களும் ஒப்புதல் தர வேண்டும் என்றானது. இதை வல்லுநர் ஆட்சிக்குப் போகும் ஏணி என்றால், எழுபது ஆண்டுகளாக அதில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சட்ட வரைவுகளை எழுதும், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் வேலை செய்பவர்கள் சுமார் 32,000 பேர். பாரிஸ் மாநகராட்சியின் ஊழியர் எண்ணிக்கை இதைவிட அதிகம். ஒன்றியத்தின் வரவுசெலவு, உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஒரு விழுக்காட்டை ஒட்டியது. இந்த ஆள்பலத்தையும் பணத்தையும் வைத்து ஒரு கண்டத்தை நிர்வகிக்க முடியாது. விதி எழுதலாம், அவ்வளவுதான். நிறைவேற்றுவது நாடுகள். ஸ்காட் கனவு கண்டது பொறியாளர் ராஜ்யம். பிரஸ்ஸல்ஸில் நடப்பது வழக்கறிஞர் ராஜ்யம்.

மற்றக் கண்டங்களைப் பார்த்தாலும் சேர்க்கைக்கும் வல்லுநர் ஆட்சிக்கும் நேர்க்கோடு தெரியவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 நாடுகள். அதன் நாடாளுமன்றம் 2004இல் கூடியது. இன்றும் ஆலோசனை மட்டுமே சொல்கிறது. அதற்குச் சட்டமியற்றும் அதிகாரம் தரும் 2014ஆம் ஆண்டு மலாபோ நெறிமுறைக்குப் போதிய நாடுகள் ஒப்புதல் தரவில்லை. தென் அமெரிக்காவில் 2008இல் எழுந்த உனாசுர், பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கவும் எல்லோரும் ஒருமனப்பட வேண்டும் என்ற விதியில் சிக்கியது. 2018 ஏப்ரலில் ஆறு நாடுகள் பங்கேற்பதை நிறுத்திக்கொண்டன. இரண்டிலும் லகான் அதிபர்கள் கையில். வல்லுநருக்கு அங்கே நாற்காலியே இல்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். களைக்கொல்லி கிளைபோசேட்டின் கதை ஒன்றே போதும், மொத்த நோயும் அதில் தெரியும்.

தாவரப் பாதுகாப்பு மருந்துகளில் உள்ள செயல்படு பொருளுக்கு அனுமதி தருவது ஒன்றியம். அந்தப் பொருளைக் கொண்டு செய்த ஒவ்வொரு மருந்தையும் கடையில் விற்கலாமா என்று முடிவு செய்வது அந்தந்த நாடு. கிளைபோசேட்டின் அனுமதி 2023 டிசம்பர் 15 அன்று முடிவதாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற வகையில் வைத்தது. பார்மா நகரில் இருக்கும் உங்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2023 ஜூலையில், அனுமதியைத் தடுக்கும் அளவுக்கு முக்கியக் கவலை எதுவும் இல்லை என்றது. தரவு இல்லாத இடங்கள் சில இருப்பதையும் பட்டியலிட்டது. இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. முன்னது, அந்தப் பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை உண்டா என்று பார்த்தது. பின்னது, விதித்தபடி பயன்படுத்தினால் ஆபத்து எவ்வளவு என்று பார்த்தது. இதுவரை வல்லுநர் வேலை. தரவு இல்லாத இடங்களோடு வாழலாமா, பயிர்ச்செலவு கூடினால் தாங்கலாமா, பூச்சிக்கும் பறவைக்கும் எவ்வளவு இடம் விடுவது என்பதெல்லாம் அரசியல் வேலை.

அந்த அரசியல் வேலை போன இடம், உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் உட்காரும் ஒரு குழு. விதி 2011ஆம் ஆண்டின் 182ஆம் எண் ஒழுங்குமுறை. ஐரோப்பிய ஆணையம் வைக்கும் வரைவை ஏற்கவோ தள்ளவோ தகுதிப் பெரும்பான்மை வேண்டும்: 27 நாடுகளில் குறைந்தது 15, அவற்றின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 விழுக்காடு. ஏற்றால் ஆணையம் நிறைவேற்றியாக வேண்டும். தள்ளினால் நிறைவேற்றக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நின்றால் ‘கருத்து இல்லை’. மனித நலம் சம்பந்தப்பட்ட விஷயமானால் அடுத்து மேல்முறையீட்டுக் குழு. அங்கேயும் கருத்து இல்லை என்றால், ஆணையம் தன் விருப்பப்படி நிறைவேற்றலாம்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு, வாக்களிக்காமல் ஒதுங்குவது. ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்தால் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. இவை ஒதுங்கி, இன்னும் இரண்டு நடுத்தர நாடுகளாவது ஒதுங்கினால், ஏற்க 65 கிடைக்காது, தள்ளவும் 65 கிடைக்காது. 2023 அக்டோபர் 13 அன்று முதல் குழுவிலும் நவம்பர் 16 அன்று மேல்முறையீட்டுக் குழுவிலும் நடந்தது அதுதான். பிரான்ஸும் ஜெர்மனியும் இரண்டு முறையும் ஒதுங்கின. பிரெஞ்சு அதிபர் மக்ரோன், மூன்று ஆண்டுக்குள் கிளைபோசேட்டைத் தன் நாட்டில் நிறுத்துவதாக 2017 நவம்பரில் சொன்னவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அனுமதி முடிய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில் ஆணையம் தானே கையெழுத்திட்டது: இன்னும் 10 ஆண்டு, 2033 டிசம்பர் 15 வரை.

மறுநாள் பழி யார் மேல்? பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் மேல். கழுவுற மீனில் நழுவுற மீனாக இருந்த அமைச்சர்கள், ஊருக்குப் போய் ‘நாங்கள் ஆதரிக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மைதான், எதிர்க்கவும் இல்லை. இதை வல்லுநர்கள் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்று கீழே போட்ட அதிகாரத்தை, சட்டம் சொன்னபடி, கடைசியில் நின்றவர் எடுத்துக்கொண்டார். 2017இல் ஜெர்மனி ஆதரித்து வாக்களித்தபோது மேல்முறையீட்டுக் குழுவில் 18 நாடுகள் ஆம் என்றன, 9 இல்லை என்றன, ஒன்று ஒதுங்கியது. அனுமதி 5 ஆண்டு, பிறகு அது ஓர் ஆண்டு நீட்டப்பட்டது. அந்த வாக்கைப் போட்ட அமைச்சர் பெர்லினில் தன் கூட்டணிக்குள்ளேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். வாக்காளருக்குக் கேள்வி கேட்க ஒரு முகம் இருந்தது. அடுத்த முறை அந்த அவஸ்தையே வேண்டாம் என்று எல்லோரும் பாடம் படித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இதற்கு மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 2017 பிப்ரவரி 14 அன்று ஆணையமே ஒரு திருத்தம் முன்வைத்தது: மேல்முறையீட்டுக் குழுவில் ஒதுங்கிய வாக்குகளைக் கணக்கில் சேர்க்காதே, எந்த நாடு எப்படி வாக்களித்தது என்று வெளியிடு, முடிவு வராவிட்டால் அதிகாரிகளை அனுப்பிவிட்டு அமைச்சர்களை உட்கார வை. முதலாவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. ஒதுங்கியவர்களைக் கழித்துவிட்டால், மீதமுள்ளவர்களின் சிறிய கூட்டம் பெரிய முடிவு எடுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் எந்தக் கெடுதலும் செய்யாதவை. ஆனால் அந்தத் திருத்தம் சட்டமாகவில்லை, ஏனென்றால் இருட்டு வசதியாக இருக்கும் அதே நாடுகள்தான் அமைச்சர் அவையிலும் வாக்களிக்க வேண்டும். உங்கள் கையில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. ஒவ்வொரு புதிய சட்டத்திலும் ஆணையத்துக்கு நடைமுறை அதிகாரம் தரும் பிரிவு ஒன்று வரும். அதில் ‘கருத்து இல்லை என்றால் நிறைவேற்றக் கூடாது’ என்று முதல் குழுவுக்கு எழுத 182ஆம் எண் ஒழுங்குமுறையே இடம் தருகிறது; மேல்முறையீட்டுக் குழுவுக்கும் அது பொருந்தும்படி கேளுங்கள். அதை எல்லாச் சட்டத்திலும் எழுதுங்கள் என்று சொல்லமாட்டோம். மருந்து, பூச்சிக்கொல்லி, மரபணு மாற்று உணவு ஆகியவற்றில் எழுதுங்கள். அப்போது ஒதுங்கி நிற்பதற்கு ஒரு விலை உண்டாகும்.

அடுத்தது உங்கள் சொந்தக் குற்றம்.

ஒப்பந்தம் வகுத்த சட்டமியற்றும் பாதை நீளமானது. முதல் வாசிப்பு, மூன்று மாதக் கெடுவோடு இரண்டாம் வாசிப்பு, அதற்கும் ஒத்துவராவிட்டால் ஆறு வாரச் சமரசக் குழு. இந்தப் பாதையில் இப்போது யாரும் நடப்பதில்லை. 2014 முதல் 2019 வரையிலான உங்கள் அவையில், இருதரப்பும் சேர்ந்து இயற்றிய சட்டங்களில் 89 விழுக்காடு முதல் வாசிப்பிலேயே முடிந்தன. சமரசக் குழுவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. காரணம் முத்தரப்புக் கூட்டம். வரைவைப் பொறுப்பேற்று நடத்தும் உறுப்பினரான நாடாளுமன்றத்தின் அறிக்கையாளரும், அதே வேலையைத் தங்கள் கட்சிக்காகக் கவனிக்கும் மற்றக் கட்சிகளின் நிழல் அறிக்கையாளர்களும் ஒரு பக்கம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும் தலைமை நாட்டின் அதிகாரிகள் ஒரு பக்கம், ஆணையம் ஒரு பக்கம். மேசை மேல் நான்கு பத்தி ஆவணம் இருக்கும்: ஆணையம் முன்வைத்தது, நீங்கள் திருத்தியது, அமைச்சர் அவை கேட்டது, நான்காவதில் சமரசம். அரசியல் தலைகள் கூடுவதற்கு முன்பு உதவியாளர்கள் ‘தொழில்நுட்பக் கூட்டம்’ நடத்தி, முக்கால்வாசி வரிகளைப் பச்சை நிறம் அடித்து முடித்துவிடுவார்கள். தொழில்நுட்பம் என்று பெயர் வைத்தால் போதும், அரசியல் கேள்வி அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி முத்தரப்புக் கூட்டம் 2023 டிசம்பர் 6 அன்று தொடங்கி 8 அன்று இரவு முடிந்தது. உட்கார்ந்து பேசியது மட்டும் முப்பது மணி நேரத்துக்கு மேல். அன்றே வெற்றி அறிவிப்பு வந்தது. ஆனால் ஒப்புக்கொண்ட வாசகம் என்ன என்று வெளியார் படித்தது பல வாரம் கழித்து, அதுவும் கசிந்த பிரதியில். நாடுகளின் தூதர்கள் 2024 பிப்ரவரி 2 அன்று ஒப்புதல் தந்தார்கள். நீங்கள் மார்ச் 13 அன்று 523 பேர் ஆதரித்து, 46 பேர் எதிர்த்து, 49 பேர் ஒதுங்கி நிறைவேற்றினீர்கள். 113 பிரிவுகள், 13 இணைப்புகள். தூக்கமில்லாத இரவில் பேரம் பேசிய சட்டத்தில் வாக்கியங்கள் எப்படி இருக்கும் என்பதை அதைப் படித்து நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் இப்போது அனுபவிக்கிறார்கள்.

இங்கே ஏன் கோணல் வருகிறது? முத்தரப்பில் பேசி முடித்த வாசகத்தை நாடுகளின் தூதர்கள் ஏற்ற பிறகு, உங்கள் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் வரும்: இதை எழுத்து மாறாமல் நிறைவேற்றினால் நாங்களும் ஏற்போம். ஒரு சொல்லைத் திருத்தினாலும் மொத்தப் பேரமும் உடையும். ஆகவே முழு அவையில் விவாதம் சடங்கு. கூட்டத்தில் இல்லாத அறுநூறு, எழுநூறு உறுப்பினர்கள், உள்ளே என்ன விட்டுக்கொடுத்து என்ன வாங்கப்பட்டது என்று தெரியாமலே கை தூக்குகிறார்கள். அமைச்சர் அவைப் பக்கமும் அப்படித்தான். தூதர்கள் முடித்துவைத்தவை ‘ஏ’ பட்டியலில் விவாதமின்றி நிறைவேறும். வேளாண் அமைச்சர்கள் கூடிய நாளில் அவர்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத சட்டம் நிறைவேறுவது அங்கே அன்றாடம்.

2018 மார்ச் 22 அன்று ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் உங்களுக்கு எதிராகவே ஒரு தீர்ப்பு தந்தது. நான்காவது பத்தியைக் கேட்டவருக்குத் தர மறுத்தது தவறு, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்றது. நீங்கள் அதை எப்படி ஏற்றீர்கள்? கேட்டால் தருகிறோம் என்ற அளவில். கேட்பவருக்குப் பதில் கிடைப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். எனவே எங்கள் கோரிக்கை சிறியது: ஒவ்வொரு முத்தரப்புக் கூட்டத்துக்கும் ஐந்து வேலைநாள் முன்பாக, நான்கு பத்தியும் உள்ள ஆவணத்தை யாரும் கேட்காமலே பொதுப் பதிவேட்டில் போடுங்கள். கடைசிச் சமரசம் வந்த பிறகு, முழு வாசகமும் வெளியாகி நான்கு வாரம் ஆகும்வரை முழு அவையில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒப்பந்தத் திருத்தம் வேண்டாம். உங்கள் நடைமுறை விதிகளைத் திருத்தினால் போதும். எதிர்தரப்பு இறுகிக்கொள்ளும், விட்டுக்கொடுக்கத் தயங்கும் என்பீர்கள். கொஞ்சம் தயங்கட்டுமே.

மூன்றாவது, நீங்களே எழுதிக் கொடுத்த வெற்றுக் காசோலைகள். நம் ஊரில் சட்டமன்றம் சட்டம் இயற்றும். விதிகளை அரசு அரசிதழில் வெளியிடும். உங்களிடமும் அதே ஏற்பாடு, ஒப்பந்தத்தின் 290ஆம் பிரிவு. சட்டத்தின் ‘சாரமல்லாத’ பகுதிகளை நிரப்பவோ மாற்றவோ ஆணையத்துக்கு அதிகாரத்தை ஒப்படைக்கலாம். அது எழுதிய விதி பிடிக்காவிட்டால், குறித்த காலத்துக்குள் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் எதிர்த்து வாக்களிக்க வேண்டும். இன்றைய 720இல் 361. வராதவரும் ஒதுங்கியவரும் ஆணையத்தின் பக்கம் என்றுதான் கணக்கு.

சாரம் எது, சாரமல்லாதது எது என்பதில்தான் சூட்சுமம். பசுமை முதலீடு எது என்று வரையறுக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில், அணுமின்சாரத்தையும் இயற்கை எரிவாயுவையும் சேர்ப்பதா இல்லையா என்ற சண்டை தீரவில்லை. ஆணையம் பிறகு எழுதட்டும் என்று ஒப்படைத்தீர்கள். அது சாரமில்லையென்றால் வேறு எதுதான் சாரம்? ஆணையம் இரண்டையும் ஒரே விதியில் கட்டி 2022இல் அனுப்பியது. அணு வேண்டும், எரிவாயு வேண்டாம் என்ற உறுப்பினருக்கு அதைச் சொல்ல வழியே இல்லை. திருத்தம் கிடையாது, முழுதாக விழுங்கு அல்லது முழுதாகத் துப்பு. ஜூலை 6 அன்று எதிர்ப்புத் தீர்மானத்துக்கு 278 பேர் ஆதரவு, 328 பேர் எதிர்ப்பு, 33 பேர் ஒதுங்கல். வேண்டியிருந்தது 353. விதி நின்றது.

இந்த வாசல் வழியாகத்தான் தமிழர் வாழ்க்கையையும் தொடுகிறீர்கள். இலங்கைக்கு ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அதைத் திருப்பித் தந்தது 2017 ஜனவரியில் ஆணையம் எழுதிய ஓர் ஒப்படைப்பு விதி. ஏப்ரலில் உங்கள் அவையில் வந்த எதிர்ப்புத் தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. மே 19 முதல் சலுகை மீண்டது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஒரு நாடு ஏற்று நடைமுறைப்படுத்துகிறதா என்பதுதான் இந்தச் சலுகைக்கு அளவுகோல். தருவதா கூடாதா என்பது இங்கே எங்கள் வாதம் அல்ல. ஆனால் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஆர்டரும் ஒரு காணாமற்போனோர் குடும்பத்தின் நம்பிக்கையும் ஒரே விதியின் இணைப்புப் பட்டியலில் ஒரு வரியாகத் தொங்கும்போது, அந்த வரியை ‘சாரமல்லாதது’ என்று சட்டம் அழைப்பது உறுத்துகிறது.

பாதிக்கு மேல் என்ற வரம்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. செய்யக்கூடியவை வேறு உண்டு. ஒப்படைப்பு ஐந்து ஆண்டுக்கு, எதிர்க்காவிட்டால் தானாக நீளும் என்று பல சட்டங்களில் எழுதுகிறீர்கள். அந்தத் ‘தானாக’வை நீக்குங்கள். எதிர்க்கும் காலம் பெரும்பாலும் இரண்டு மாதம், கேட்டால் இன்னும் இரண்டு. ஆகஸ்டில் அனுப்பினால் பாதி விடுமுறையில் போய்விடும். ஒரு விதி ஒரு கேள்விக்குத்தான் விடை தர வேண்டும், இரண்டைக் கட்டி அனுப்பக் கூடாது என்று அடிப்படைச் சட்டத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாகப் பணம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கியின் சுதந்திரத்தைக் குலைக்க நாங்கள் கேட்கவில்லை. தேர்தலுக்கு முந்தைய மாதம் வட்டியைக் குறைக்கச் சொல்லும் நிதியமைச்சர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஒப்பந்தத்தின் 130ஆம் பிரிவு அவர்களைத் தள்ளி நிறுத்துகிறது, நல்லது. விலைவாசிக்குள் இருக்கும்வரை அந்தச் சுதந்திரத்துக்கு நியாயம் உண்டு. வெளியே வந்தால்?

2011 ஆகஸ்ட் 5 அன்று வங்கியின் தலைவர் திரிஷேவும் அடுத்துத் தலைவராக இருந்த டிராகியும் கையெழுத்திட்ட ஒரு ரகசியக் கடிதம் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனிக்குப் போனது. ஓய்வூதியத்தை மாற்று, கூலிப் பேச்சை நிறுவன அளவுக்கு இறக்கு, பொதுச் சேவைகளைத் திறந்துவிடு. இவற்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து செப்டம்பர் முடிவுக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் வாங்கு என்பதுவரை அதில் இருந்தது. சில நாளில் வங்கி கடன்பத்திரச் சந்தையில் மீண்டும் இறங்கியது, இத்தாலியின் பத்திரங்களையும் வாங்கியது. கடிதம் நாளிதழில் வந்தது செப்டம்பர் முடிவில். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 19 அன்று அயர்லாந்து நிதியமைச்சருக்குப் போன கடிதத்தை வெளியிட நான்கு ஆண்டு ஆயிற்று.

2011 நவம்பரில் பெர்லுஸ்கோனி பதவி விலகினார். முன்னாள் ஆணையர் மாரியோ மோன்ட்டி, ஒரு கட்சிக்காரர்கூட இல்லாத அமைச்சரவையோடு வந்தார். வல்லுநர் ஆட்சி என்ற வசைக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. ஆனால் படத்தின் மறுபாதி: இத்தாலியின் கீழவை அவருக்கு 556க்கு 61 என்று நம்பிக்கை வாக்கு தந்தது. வலமும் இடமும் சேர்ந்து தந்தன. ஓய்வூதியத்தை வெட்டும் கத்தியில் தங்கள் கைரேகை பதியக் கூடாது என்று இரண்டு தரப்புமே பேராசிரியரான மோன்ட்டியிடம் கத்தியைக் கொடுத்தன. 2013 பிப்ரவரித் தேர்தலில் மோன்ட்டியின் கூட்டணிக்குக் கிடைத்தது பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். எல்லாக் கட்சியும் ஒழிக என்று வந்த ஐந்து நட்சத்திர இயக்கத்துக்கு இருபத்தைந்து. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் யூரோ குழுவும் இதே ரகம். ஒப்பந்தத்தின் 14ஆம் நெறிமுறையில் இரண்டே பிரிவுகள், ‘முறைசாராமல்’ கூடுவார்கள் என்று. கிரேக்கத்துக்கும் சைப்ரஸுக்கும் கடன் உதவிக்கான நிபந்தனை வகுத்தது அந்த மேசை. சைப்ரஸில் வங்கி வைப்பை இழந்தவர்கள் வழக்குப் போட்டபோது, யூரோ குழு ஒன்றியத்தின் நிறுவனமே அல்ல, அதன்மேல் இழப்பீடு கோர முடியாது என்று 2020 டிசம்பர் 16 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவு எண் இல்லாத வீட்டுக்கு எந்தத் தபால் போய்ச் சேரும்? அங்கே முடிவெடுப்பவர்கள் வல்லுநர்களும் அல்லர், அமைச்சர்கள்.

வல்லுநர் எண் என்று நாம் வணங்கும் சிலவற்றின் பூர்வீகமும் வேடிக்கையானது. வரவுசெலவுப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் அளவு, 1981இல் பாரிஸில் அதிபர் மித்தராங் அரசின் செலவுக் கோரிக்கைகளுக்கு வேலி போட நிதித்துறை அதிகாரிகள் அவசரத்தில் பிடித்த எண். கோட்பாடு எதுவும் பின்னால் இல்லை என்று அவர்களில் ஒருவரே பின்னாளில் எழுதினார். அதை மீறினால் ஆணையம் பரிந்துரைக்கும் தண்டனை, பத்து நாளுக்குள் தகுதிப் பெரும்பான்மை எதிர்க்காவிட்டால் தானாக நிலைக்கும் என்று 2011இல் இயந்திரம் பூட்டினீர்கள். 2016இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மாட்டியபோது ஆணையமே அபராதத்தைப் பூஜ்யமாக்கச் சொன்னது. ‘தானாக’ ஓடும் இயந்திரத்துக்குள்ளும் ஓர் அரசியல்வாதி உட்கார்ந்திருந்தார், வெளியே தெரியாமல்.

இதில் உங்களிடம் கேட்பது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை மத்திய வங்கித் தலைவர் உங்கள் பொருளாதாரக் குழு முன் வருகிறார். வட்டி, விலைவாசிக்கு வெளியே ஓர் அரசுக்கு வங்கி எழுதும் எந்தக் கடிதமும் முப்பது நாளுக்குள் அந்தக் குழுவுக்கு வர வேண்டும் என்று அங்கே எழுத்தில் உறுதி வாங்குங்கள். யூரோ குழு 2016 முதல் நிகழ்ச்சி நிரலையும் கூட்டச் சுருக்கத்தையும் வெளியிடுகிறது. அடுத்தபடியாக, முடிவுக்கு ஆதாரமான ஆவணங்களையும் எந்த நாடு எதற்கு உடன்படவில்லை என்பதையும் கேளுங்கள். மறுத்தால், 225ஆம் பிரிவு இருக்கிறது: 361 பேர் சேர்ந்தால் சட்ட வரைவு கொண்டுவரும்படி ஆணையத்தைக் கேட்கலாம். மறுப்பதானால் அது காரணம் சொல்ல வேண்டும்.

கிளைபோசேட் திரும்பவும் வரும். அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்பவர், அது முடிவதற்கு மூன்று ஆண்டு முன்னதாக, அதாவது 2030 டிசம்பர் 15க்குள், விண்ணப்பம் தர வேண்டும். இடையில் 2029 ஜூனில் உங்களுக்குத் தேர்தல். அந்தத் தேர்தலுக்கு முன்பே 182ஆம் எண் ஒழுங்குமுறையில் குறைந்தபட்சம் ஒரு வரியாவது ஏறட்டும்: மேல்முறையீட்டுக் குழுவில் எந்த நாடு எப்படி வாக்களித்தது, எது ஒதுங்கியது என்பதை ஆணையம் அன்றே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்றியத்தின் சட்டமியற்றலைத் தொடர்ந்து கவனித்துவரும் தமிழர்கள் சிலர்